ஓரெழுத்து ஜோசியம்

நாய்களுக்கு வரும் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் பற்றிப் போன இதழில் எழுதியவரின் வாதம் இவ்வளவுதான்: புற்றுச் செல் பி வகை என்றால் வைத்தியம் பாருங்கள், டி வகை என்றால் காசுக்குக் கேடு. எதற்கும் முதலில் ஸ்டீராய்டு கொடுத்துப் பாருங்கள், கட்டி கரைந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். முதல் யோசனை அரைகுறை. இரண்டாவது ஆபத்து.

டி வகைக்கு ஆயுள் பொதுவாகக் குறைவு, மறுக்கவில்லை. ‘சாப்’ என்னும் நான்கு மருந்துக் கூட்டுச் சிகிச்சையில் பி வகை நாய்களில் பாதி ஏறத்தாழ ஒரு வருடத்தைத் தாண்டுகின்றன. டி வகையில் பாதி ஆறிலிருந்து ஒன்பது மாதம். ஆனால் அதே டி-யில்தான் டி-ஸோன் லிம்போமாவும் இருக்கிறது. கோல்டன் ரெட்ரீவர்களிடம் அதிகம். நெறி கட்டியிருக்கும், நாய் பாட்டுக்கு ஓடியாடும். கீமோதெரபியைத் தொடங்காமலே கண்காணித்து வரலாம். இரண்டு வருடத்துக்கு மேல் வாழ்வது சாதாரணம். செல்லின் மேல் சிடி45 புரதம் இல்லாததை வைத்து ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் செல் பரிசோதனை இதை அடையாளம் காட்டிவிடும். நம் ஜோசியருக்கு ஓரெழுத்து கிடைத்ததும் பலன் சொல்லியாயிற்று.

கணிப்புக்கு வேண்டியவற்றில் அவர் விட்டதோ ஏராளம். ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறதா, நெஞ்சுக்கூட்டில் கட்டி உண்டா என்று ஒரு வரி இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து நிலைப் பகுப்பில் நோயின் உபாதை இல்லாத நாய்க்கு ‘ஏ’, உள்ள நாய்க்கு ‘பி’ என்று துணைநிலை போடுவார்கள். சோறு தின்று திரியும் நாயும் சுருண்டு கிடக்கும் நாயும் அவருக்கு மட்டும் ஒன்றா?

இனி அந்த ஸ்டீராய்டு ‘பரீட்சை’. இதற்குத் தரும் பிரெட்னிசோலோன் லிம்போமா செல்களைக் கொல்லும் மருந்து. பெரும்பாலான நாய்களுக்குச் சில நாளிலேயே கட்டி சுருங்கும். எல்லாரும் தேறும் பரீட்சையில் என்ன தெரியும்? அதை மட்டும் கொடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு மாதம். இதற்கிடையில் தப்பிய செல்கள் மருந்தை வெளியே தள்ளப் பழகிக்கொள்ளும். பிறகு ‘சாப்’ மருந்துகளான வின்கிறிஸ்டீன், டாக்ஸோரூபிசின் எல்லாம் ஏற்றினாலும் பலன் குறையும். செல்களும் அழிந்துவிடுவதால், பிறகு எடுக்கும் மாதிரியில் வகை கண்டுபிடிப்பதும் சிரமம். சிகிச்சையின் விளைவைக் கணிக்கிறேன் என்று கிளம்பியவர், கணிப்புக்கான தடயத்தையும் அழித்து விளைவையும் கெடுத்துவிடுகிறார்.

கீமோதெரபிக்கு வசதியில்லாத வீட்டில் ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது நியாயமான முடிவுதான். கடைசி நாட்களை இதமாக்கும். அதை அப்படியே சொல்லிக் கொடுக்க வேண்டும், சோதனை என்று பெயர் சூட்டியல்ல.

ஊசியால் நெறியில் மாதிரி எடுத்து, ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்பி, கால்சியமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்த்த பிறகு முடிவெடுக்கட்டும். மூச்சுத் திணறும் நாய் விதிவிலக்கு. மற்ற நாய்களுக்கு அதுவரை பிரெட்னிசோலோன் மாத்திரையைப் பிரிக்கவே வேண்டாம்.