விண்டோஸ் 10 முடிஞ்சாச்சு... பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடணுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. லேப்டாப் தொடர்ந்து ஓடும். ஆனால், நீட்டிப்புத் திட்டத்தில் சேராவிட்டால் பாதுகாப்பு அப்டேட் வராது.

சரி, விண்டோஸ் 11 போட்டுடலாமா? அதற்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் முதல் சில ஆண்டுகளில் வந்தவை இதில் தேறாது. சேத்துப்பட்டில் (சென்னை ஏரியா இல்லைங்க, ஆரணி பக்கம்) அப்படி ஒன்று வீட்டில் இருந்தால், உடனே கடன் வாங்கிப் புதுசு எடுக்க வேண்டியதில்லை.

அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

பிரவுசர், யூடியூப், ரெஸ்யூமே, ஆன்லைன் விண்ணப்பம் என்றால் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. லிப்ரே ஆபீஸ் கூடவே வருகிறது, தமிழ்99-லும் தட்டலாம்.

பட்டுக்கடைக் கணக்கு டேலியில் ஓடுகிறதா? அப்போ விண்டோஸ்தான், வாதமே வேண்டாம். சேலை டிசைன் போடும் சாஃப்ட்வேருக்கும் விற்றவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

மின்ட்டை பென் டிரைவிலிருந்தே, இன்ஸ்டால் பண்ணாமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்த பிறகே 'இன்ஸ்டால்' பட்டனைத் தொடுங்கள்.