எழுதும் பெட்டிக்கும் வெள்ளோட்டம் வேண்டும்



அம்பூரி, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கங்களில் வாழும் நம் குடும்பத்தார், வீட்டு விசேஷச் செய்திகளையும் பிள்ளைகளின் கட்டுரைகளையும் சங்க வலைத்தளத்தில் தாங்களே எழுதிச் சேர்க்க வசதி வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டு வருகிறார்கள். நல்ல யோசனை. தடித்த எழுத்து, பட்டியல், இணைப்பு முதலியவற்றைப் பொத்தானை அழுத்திப் போட்டுக்கொள்ளும் எழுதும் பெட்டிகள், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. குவில், டைனிஎம்சிஇ, சிகேஎடிட்டர் ஆகியவை அவற்றுள் சில. பொருத்துவது பெரிய வேலையன்று. பொருத்தியபின் தமிழை அதில் ஓட்டிப் பார்ப்பதே பெரிய வேலை.

ரயில்வேயில் புதிய பாதை போட்டால், பாதுகாப்பு ஆணையர் பார்வையிட்டு ஒப்புதல் தந்த பிறகுதான் பயணிகள் வண்டி ஓடும். எழுதும் பெட்டிக்கு அப்படி ஓர் ஆணையர் கிடையாது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டே அது நம் கைக்கு வருகிறது. ஆகவே அந்தப் பொறுப்பு நம்முடையது.

என்னென்ன பார்க்க வேண்டும்? முதலாவது, தட்டச்சு. ஒலி முறையில் எழுதுகிறவர் ஆங்கில எம் விசையைத் தட்டினால் 'ம்' வரும். அடுத்து ஏ விசையைத் தட்டினால் அது 'ம' ஆக வேண்டும். பெட்டி அவசரப்பட்டு நடுவில் புகுந்து திரையை மாற்றினால், எழுத்து இரட்டிக்கும் அல்லது சிதறும்.

இரண்டாவது, எண்ணிக்கை. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் ஐந்து! த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது தனித்தனியே எண்ணும். ஐந்நூறு எழுத்து என்று வரம்பு வைத்தால், பிள்ளையின் கட்டுரை அதற்கு வெகு முன்னரே நின்றுவிடும்.

மூன்றாவது, தேடல். 'கொ' என்பதை யூனிகோடில் இருவகையாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒன்றாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதே ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால், எழுதியது இருந்தும் தேடினால் கிடைக்காது.

நான்காவது, பழைய எழுத்துருக்கள். பாமினி போன்றவற்றில் தட்டி வைத்த கட்டுரையை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். மீட்டர் பாதை வண்டி அகலப் பாதையில் ஓடாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இவற்றோடு பாதுகாப்பும் உண்டு. பெட்டியிலிருந்து வருவதை அப்படியே பக்கத்தில் காட்டக் கூடாது. யாரேனும் தீய நிரலைச் செருகியிருக்கலாம். சர்வரில் வடிகட்டிய பின்பே வெளியிட வேண்டும். பொத்தான்களும் நான்கைந்து போதும். சாய்வெழுத்துப் பொத்தான் நமக்கு அவசியமில்லை. தமிழைச் சாய்த்தால் அழகும் போகும், படிக்கவும் சிரமம்.

இது வீண் பயம் என்று சிலர் எண்ணலாம். விக்கிப்பீடியா 2013-ல் இத்தகைய பெட்டி ஒன்றை ஆங்கிலப் பதிப்பில் எல்லோருக்குமாகத் திறந்தது. குறைகள் குவியவே, சில மாதங்களில், விரும்புவோர் மட்டும் பயன்படுத்தலாம் என்று மாற்ற நேர்ந்தது. பின்னர் அது திருந்தி நிலைபெற்றது வேறு விஷயம். அதே விக்கிப்பீடியாவில் இந்திய மொழிகளைத் தட்டச்சிட முன்பு உதவிய கருவியின் பெயர் 'நாராயம்'. ஓலையில் எழுதும் எழுத்தாணிக்கு மலையாளத்தில் வழங்கும் சொல் அது. தம் மொழியை எழுதத் தாமே கருவி தேட வேண்டும் என்ற அக்கறை நமக்கும் வேண்டாமா?

நம் பிள்ளைகளில் பலர் மலையாளமும் ஆங்கிலமும் பள்ளியில் படித்து, தமிழை வீட்டில் பேசுகிறவர்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. முதல் முறை எழுதும்போதே எழுத்து உடைந்தால், "இது தமிழுக்கு ஆகாது" என்று ஒதுங்கிவிடுவார்கள். குற்றம் பெட்டியுடையது, பழி தமிழின் மேல் விழும்.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இது: தளத்தைத் திறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைபேசியில் எழுதும் பாட்டி ஒருவர், பள்ளிப் பிள்ளை ஒருவர், தமிழ்99 விசைப்பலகை அறிந்தவர் ஒருவர் என மூவரை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். எழுதியதைச் சேமித்து, மூடி, மீண்டும் திறந்து பாருங்கள். மூவருக்கும் எழுதியது எழுதியபடி வந்தால் பச்சைக்கொடி காட்டலாம்.