பறப்பதற்கு விதி உண்டு, படமெடுப்பதற்கு?



இந்தியாவில் ட்ரோன்கள் பறப்பதை ஆள்பவை 2021 ஆகஸ்ட்டில் வெளியான ட்ரோன் விதிகள். எடையை வைத்து ஐந்து வகை: 250 கிராமுக்குள் நானோ, 2 கிலோவரை மைக்ரோ என்று தொடங்கி 150 கிலோவைத் தாண்டியவை வரை போகிறது. வான்வெளியும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம்வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த வரம்பு 200 அடியாகக் குறையும். சிவப்பு மண்டலத்தில் ஒன்றிய அரசின் அனுமதி தேவை. மாநில அரசும் ஒரு பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம்வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக்கலாம். மீறினால் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம்.

இவை அனைத்தும் பறப்பதைப் பற்றியவை. அடியில் தொங்கும் கேமரா எதைப் பார்க்கலாம், பார்த்ததை யார் வைத்திருக்கலாம், எத்தனை நாள் கழித்து அழிக்க வேண்டும் என்பதெல்லாம் விதிகளின் அக்கறைக்கு வெளியே நிற்கின்றன. எடையை அளவுகோலாக வைத்ததில் ஒரு விபரீதமும் உண்டு. 249 கிராமில் விற்கும் ட்ரோன் நானோ வகையில் சேர்ந்துவிடும். அதை ஓட்டச் சான்றிதழும் வேண்டாம், காப்பீடும் வேண்டாம். அதன் கேமராவோ நாலு மாடி உயரத்திலிருந்து ஆளின் முகத்தைத் தெளிவாகக் காட்டும். தலையில் விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்பதற்கு எடை சரியான அளவுகோல். மானத்துக்கு அது அளவுகோல் ஆகாது.

வான்போக்குவரத்து அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே சென்னை போன்ற நகரத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். அது பாதி உண்மைதான். காவல்துறையும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. மாநகராட்சி தான் கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு நிபந்தனை போடலாம். தன் பூங்காவிலிருந்தும் விளையாட்டுத் திடலிலிருந்தும் யார் ட்ரோனை ஏற்றி இறக்கலாம் என்று சொல்லலாம். தன் பணத்தில் எடுத்த படம் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்கலாம். ஒன்றிய அரசின் அனுமதி தேவைப்படாத இந்த வேலைகளைக்கூடச் செய்யாமல் இருப்பதே இங்கு கண்டிக்க வேண்டியது.

சென்னையில் ட்ரோன் புதுமை இல்லை. கால்வாய்களில் கொசுப்புழு மருந்து தெளிக்க மாநகராட்சி அதைப் பயன்படுத்தியிருக்கிறது. சொத்து வரிக்காகக் கட்டடங்களின் பரப்பை வானிலிருந்து அளக்கும் பணியும் நடந்தது. 2023 ஜூனில் அடையாற்றில் காவல்துறையின் ட்ரோன் பிரிவு தொடங்கப்பட்டது. கடலில் தத்தளிப்பவரைத் தேடவும் திருவிழாக் கூட்டத்தைப் பார்க்கவும் ட்ரோன் உதவும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. கூவத்து ஓரத்தில் மருந்து தெளிக்கத் தொழிலாளி இறங்காமல் இருப்பது நல்லதே. ஆனால் வரிக்காக மாடியை அளந்த படத்தில் துணி உலர்த்துபவரும், வற்றல் காயவைப்பவரும், வெயிலுக்கு ஒதுங்கித் தூங்குபவரும் இருப்பார்கள். மொட்டைமாடி என்பது சென்னையில் வீட்டின் இன்னொரு அறை. அந்தப் படம் வரி அலுவலகத்தோடு நிற்கிறதா, ஒப்பந்ததாரரின் கணினியிலும் தங்குகிறதா என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு துணைவிதி இல்லை.

2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது திருப்பூர் மாவட்டத்தில் மரத்தடியில் கேரம் ஆடிய இளைஞர்களைக் காவல்துறை ட்ரோன் துரத்தியது. முகத்தை மறைக்கக் கேரம் பலகையையே தூக்கிப் பிடித்தபடி அவர்கள் ஓடிய காட்சி நகைச்சுவைக் குரல்களோடு நாடெங்கும் சுற்றியது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கவும் அதில் விஷயம் இருந்தது. ஊரடங்கை மீறியதற்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. ஊரே பார்த்துச் சிரிப்பது அந்தத் தண்டனையில் சேராது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்து அப்போது மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

ட்ரோன் எடுத்த படத்தைச் செயற்கை நுண்ணறிவு படிக்கத் தொடங்கும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. முக அடையாளம் காணும் மென்பொருளைத் தமிழகக் காவல்துறை 2021இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அதன் தரவுகள் கசிந்ததாகச் செய்தி வந்தது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. மென்பொருள் தருவதும் ஒத்துப்போகும் விழுக்காடுதான், உறுதியான பெயர் அல்ல. 80 விழுக்காடு பொருந்தினாலே சரியான அடையாளமாக எடுத்துக்கொள்வதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த கேள்விக்கு டெல்லி காவல்துறை 2022இல் பதில் சொன்னது. தமிழகத்தின் வரம்பு எவ்வளவு என்பதை அரசு தானாக முன்வந்து வெளியிட வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பொறுப்போடு செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கென்று நாட்டில் முந்திக்கொண்டு கொள்கை வெளியிட்ட மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. 2020 செப்டம்பரிலேயே அந்த ஆவணம் வந்துவிட்டது. பொதுமக்களைப் பாதிக்கும் மென்பொருளை அரசுத் துறைகள் பயன்படுத்துமுன் வெளிப்படைத்தன்மை, தணிக்கை, நியாயம் முதலியவற்றில் மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். மதிப்பெண் அட்டையைக்கூட அது வகுத்துக் கொடுத்தது. அட்டை இருக்கிறது, நிரப்பியதை மக்கள் பார்வைக்கு வைக்கும் கட்டாயம்தான் மாநகராட்சியில் இல்லை.

வேறு நகரங்கள் இதே கேள்வியை எதிர்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் சியாட்டல் நகரக் காவல்துறை வாங்கிய ட்ரோன்களை மக்கள் எதிர்ப்பால் 2013இல் மேயர் நிறுத்திவைத்தார். கண்காணிப்புக் கருவியை வாங்குமுன் நகர மன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும் என்று அங்கே பின்னர் சட்டமே வந்தது. சான் பிரான்சிஸ்கோ 2019 மே மாதம் நகரத் துறைகள் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆம்ஸ்டர்டாமும் ஹெல்சின்கியும் 2020இல் தாங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களின் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தன: எது என்ன செய்கிறது, எந்தத் தரவைத் தின்கிறது, யார் பொறுப்பு என்று. சான் பிரான்சிஸ்கோவின் தடை சென்னைக்கு ஒத்துவராது என்று வாதிடலாம். பதிவேடு ஒத்துவராது என்று வாதிட ஒரு காரணமும் இல்லை.

சென்னைக்கு வேண்டிய விதி நீளமானதாக இருக்கத் தேவையில்லை. மாநகராட்சிக்காகப் பறக்கும் ஒவ்வொரு ட்ரோனின் நாள், தெரு, நோக்கம் ஆகியவை வார்டு அலுவலகப் பலகையில் முன்கூட்டியே தமிழில் ஒட்டப்பட வேண்டும். அவசர மீட்புப் பணிக்கு விலக்கு அளித்து, மறுநாள் அறிவித்தால் போதும் என்று வைக்கலாம். ஒரு வேலைக்கு எடுத்த படத்தை வேறு துறைக்குக் கொடுப்பதானால் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். டெண்டரிலேயே படத்தை அழிக்கும் கெடுவும் மீறினால் ஒப்பந்தம் ரத்தாகும் என்ற வரியும் இருக்க வேண்டும். மென்பொருளின் பரிந்துரையை மட்டும் வைத்து அபராதமோ, வரி உயர்வோ, விசாரணை அழைப்போ கூடாது. கையெழுத்திடும் அதிகாரியின் பெயர் நோட்டீசில் இருக்க வேண்டும். திருமணங்களுக்கு ஹெலிகேம் பறக்கவிடும் சிறு ஸ்டூடியோக்காரரை அலைக்கழிப்பது இந்த விதியின் நோக்கமாகிவிடக் கூடாது. அவருக்கு மண்டபத்தின் எல்லையைத் தாண்டாதே என்ற ஒரே நிபந்தனை போதும்.

இந்த வரைவை மாமன்றத்தில் வைப்பதற்கு முன் 200 வார்டுகளின் பகுதி சபைகளிலும் படித்துக் காட்ட வேண்டும். அதுவரை முகத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு மாநகராட்சி புதிய பணியாணை எதுவும் வழங்கக் கூடாது.

— வாசகர் ஒருவர்,
சென்னை