திருத்த முடிந்ததும் முடியாததும்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் எங்கள் குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செய்தவரைக்கும் மென்பொருளைக் காட்டிவிட வேண்டும். 'அஜைல்' முறை அதுதான்: முழுமைக்குக் காத்திராமல் வெளியிடு, பயனாளர் சொல்வதைக் கேட்டுத் திருத்து.

நாமெல்லாம் பயன்படுத்திய டிரேஸ்டுகெதர் செயலியும் அப்படித்தான் வளர்ந்தது. 2020 மார்ச் 20ஆம் தேதி வந்தபோது ஐபோனில் அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். திறன்பேசி இல்லாத தாத்தா பாட்டிகளுக்குப் பயனே இல்லை. ஜூன் மாத இறுதியில் முதியோர் கைக்குச் சிறு கருவி வந்தது. நல்ல திருத்தம்!

ஆனால், தொற்றுத் தடமறிய மட்டுமே என்று சொல்லப்பட்ட தரவைக் காவல்துறையும் பெறலாம் என 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மறுமாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் எனச் சட்டம் வரம்பிட்டது. இருந்தும், அந்தக் கீறல் அடுத்த பதிப்பில் சரியாகும் பிழை அல்ல என்றே நினைக்கிறேன்.

எங்கள் பணிப் பட்டியலில் இப்போது முதல் வரி: 'இந்தத் தரவை யாரெல்லாம் பார்ப்பார்கள்?'