கட்டில் போட்டால் மிச்சம் எவ்வளவு?

சென்னையில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "வாசல் எந்தப் பக்கம்?" அடுத்தது, "சதுர அடி என்ன விலை?" வீட்டின் பிளான் மேஜைமேல் தலைகீழாகக் கிடந்தாலும் பலருக்குத் தெரியாது.

விலை பேசும் சதுர அடி பெரும்பாலும் 'சூப்பர் பில்ட்-அப்'. மாடிப்படி, லிஃப்ட், பொதுநடை எல்லாவற்றிலும் ஒரு பங்கு அதில் ஏறியிருக்கும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) சொல்லும் கார்ப்பெட் ஏரியா வேறு. வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி கழித்து, உள்சுவர்களைச் சேர்த்து, வீட்டுக்குள் புழங்கும் இடம் அது. சதுர அடி 6,000 ரூபாய் என்று 1,200 சதுர அடிக்குப் பேசிய வீட்டின் கார்ப்பெட் 840 என்றால், நிஜ விலை 8,570 ரூபாயைத் தாண்டுகிறது.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள்கூடப் படுக்கையறையில் ஏமாறுகிறார்கள். விளம்பரத் தாளில் வரைந்திருக்கும் கட்டில் பொம்மைக் கட்டில். அதை நம்ப வேண்டியதில்லை. 10-க்கு 10 அறையில் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டி ஆறரை அடிக் கட்டில், எதிர்ச்சுவரில் இரண்டடி ஆழ அலமாரி. நடுவே மிஞ்சுவது ஒன்றரை அடி. சுவர்ப்பூச்சு அதிலும் ஓர் அங்குலத்தைத் தின்னும். அலமாரிக் கதவை முழுதாகத் திறக்கக் கட்டில்மேல் ஏறி உட்கார வேண்டியதுதான். 'மூன்று பெட்ரூம்' என்ற பெருமைக்காக அறைகளைக் குறுக்குவதைவிட, தாராளமான இரண்டே மேல்.

ஃபிரிட்ஜ் எங்கே, வாஷிங் மெஷினுக்குக் குழாய் எங்கே, சாப்பாட்டு மேஜைக்கு நேரே கழிவறைக் கதவு திறக்கிறதா என்பதையும் அதே தாளில் பார்த்துவிடலாம்.

வாஸ்து அவரவர் நம்பிக்கை. ஆனால் திசையில் நம்பிக்கைக்கு அப்பாற்பட்ட சங்கதியும் உண்டு. மேற்குச் சுவர் மே மாத வெயிலைப் பிற்பகல் முழுக்கக் குடித்துவிட்டு, இரவில் படுக்கையறைக்குள் கக்கும். கடற்காற்றோ கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவது. அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தாலும், அது திறப்பது குழாய்கள் இறங்கும் டக்டுக்குள் என்றால் வருவது காற்றல்ல, கீழ்வீட்டுத் தாளிப்பு வாசனை.

ரெராவில் பதிவான திட்டங்களின் அனுமதி பெற்ற வரைபடம் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். விளம்பரத் தாளைத் தள்ளிவிட்டு அதைத்தான் படிக்க வேண்டும். வாங்குபவரின் சம்மதமில்லாமல் அதை மாற்றவும் சட்டம் விடுவதில்லை. அதே நிறுவனம் ஏற்கெனவே கட்டி முடித்த வீடு ஒன்றுக்கு அளவு டேப்போடு போய் வருவது இன்னும் நல்லது.

விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன்னர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். அந்தப் பத்து சதவீதம் கைமாறுவதற்கு முன்பே டேப் வெளியே வரட்டும்.