வீடு மாறப் போகிறீர்களா? லாரிக்கு முன்னால் பார்க்க வேண்டியது ரசீதை!

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் சென்னைத் தெருக்களில் குட்டி யானைகளின் நடமாட்டம் கூடிவிடும். ஆடியில் பால் காய்ச்சக் கூடாது என்று காத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். மாதக் கடைசி, முகூர்த்த நாள், ஞாயிற்றுக்கிழமை மூன்றும் சேர்ந்துவிட்டால் வண்டி கிடைப்பதே கஷ்டம். அந்த அவசரத்தில் போனில் தேடி, முதலில் வரும் நாலைந்து நம்பர்களில் பேசி, யார் குறைவாகச் சொல்கிறாரோ அவருக்கு அட்வான்ஸ் அனுப்பிவிடுவதுதான் பலரின் வழக்கம். சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

"எவ்வளவு ஆகும்?" என்பது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும். "வழியில் ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு?" என்பதே முதல் கேள்வி. அதற்கான பதிலை வைத்துத்தான் எந்த வகைச் சேவை வேண்டும் என்பதை முடிவு செய்ய முடியும்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

முதல் வகை, வண்டி மட்டும். டிரைவர் வருவார், கட்டுவதும் ஏற்றுவதும் வீட்டுக்காரர் பாடு. இரண்டாவது, வண்டியோடு லோடுமேன்களும் வருவது. மூன்றாவது, முழு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் சேவை. அட்டைப்பெட்டி, பபிள் ராப், கட்டிலைக் கழற்றி மாட்டுவது எல்லாமே அவர்கள் பொறுப்பு. நான்காவது, வெளியூருக்கு மட்டும் பொருந்தும் பார்ட் லோடு. இதில் ஒரே லாரியில் பல வீட்டுச் சாமான்கள் போகும். வாடகை குறைவு. ஆனால் சாமான்கள் குடோனில் சில நாள் காத்திருக்கலாம், வண்டி மாறலாம். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் உடையும் வாய்ப்பு கூடும்.

யாருக்கு எது சரி?

வேளச்சேரியிலிருந்து போரூருக்கு மாறும் பேச்சுலருக்கு முழு பேக்கிங் சேவை வீண் செலவு. டாடா ஏஸ் போன்ற வண்டியின் பின்பகுதி சுமார் 7 அடி நீளம் இருக்கும்; முக்கால் டன் வாக்கில் தாங்கும். ஒரு மெத்தை, சின்ன ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சில பெட்டிகளுக்கு அது போதும். பைக்கில் வண்டி பின்னாலேயே போய்விடலாம் என்பதால் ரிஸ்க்கும் குறைவு.

அதே நபர் வேலை மாறிப் பெங்களூருவுக்குப் போகிறார் என்றால் கணக்கே வேறு. சுமார் 350 கிலோமீட்டர், ஓர் இரவுப் பயணம், கூடவே போக ஆளில்லை. இங்கே இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்பதற்காக, ரசீதே தராத ஆளிடம் மூன்று, நான்கு லட்சம் ரூபாய்ப் பொருளை ஒப்படைப்பது சிக்கனம் ஆகாது. அதைவிடப் பழைய கட்டிலையும் பீரோவையும் இங்கேயே விற்றுவிட்டு, மிஞ்சியதை நல்ல சேவையில் அனுப்புவது லாபம்.

'இன்சூரன்ஸ்' என்று எழுதியிருந்தால் போதுமா?

போதாது. கொட்டேஷனில் பொருள் மதிப்பில் இத்தனை சதவீதம் 'இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார்" என்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பாலிசியோ சான்றிதழோ கையில் வந்தால்தான் அது காப்பீடு. பாலிசி நம்பர் இல்லாமல் வசூலிக்கும் தொகை, மூவர்ஸ் கொடுக்கும் வாய்மொழி உத்தரவாதம் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது?

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது; விதிகள் 2011-ல் வந்தன. அவற்றின்படி, சரக்கு ரசீது கொடுத்துப் பொருள் ஏற்றும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பொருள் சேதமானால், கூடுதல் கட்டணம் கட்டி அதிக மதிப்புக்கு ஒப்பந்தம் செய்யாத பட்சத்தில், இழப்பீடு லாரி வாடகையைப் போல 10 மடங்கு வரைதான்; அதுவும் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மொத்த பில் 20,000 ரூபாய். அதில் வாடகை என்று 5,000 மட்டும் எழுதி, மீதியை பேக்கிங், கூலி என்று பிரித்திருந்தால், வரம்பு 50,000 தான் என்று நிறுவனம் வாதிடலாம். அதனால் பில் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதையும், பொருள்களின் மதிப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். ரசீதில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்திருந்தாலும், கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து நிறுவனம் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

வழக்குக்குப் போவதென்றால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துபூர்வ நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

பாதி வழியில் ரேட் ஏறினால்?

பொருளை ஏற்றிய பிறகு "கூட எட்டாயிரம் கொடுத்தாதான் இறக்குவோம்" என்று மிரட்டுவது இந்தத் தொழிலின் பெரிய நோய். போனிலேயே சொன்ன ரேட்டில்தான் இது அதிகம் நடக்கிறது. நேரிலோ வீடியோ காலிலோ சாமான்களைப் பார்த்து, பட்டியல் போட்டு, எழுத்தில் கொடுத்த ரேட்டை மாற்றுவது கடினம். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி வாசல்வரை வருமா, ஏசி கழற்ற யார், டோல், ஜிஎஸ்டி சேர்ந்ததா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்காரரும் உண்மை சொல்ல வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியை மறைத்துவிட்டு, அன்றைக்குக் கூலி கேட்கும் லோடுமேனை ஏமாற்றுக்காரர் என்பது நியாயமில்லை.

'இ-வே பில்' பெயரில் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு அது தேவையில்லை. நகையும் சான்றிதழ்களும் கையோடு வர வேண்டும். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாமல், ஊர் மாறுபவர்கள் ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்கிக்கொள்ளலாம். முழுத் தொகையையும் முன்பே கட்டாமல், ஒரு பங்கைச் சாமான்கள் இறங்கிய பிறகு கொடுப்பது நல்லது.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதைத்தான்.

அதனால் அட்வான்ஸ் அனுப்பும் முன், "உங்க ரசீது மாதிரி ஒண்ணு வாட்ஸ்அப்புல அனுப்புங்க" என்று கேட்டுப் பார்க்கலாம். அனுப்பத் தயங்கினால், எவ்வளவு குறைந்த ரேட்டாக இருந்தாலும், அடுத்த நம்பருக்குப் போய்விடுவது நல்லது.