பிப்ரவரி மாதச் சம்பளம்

மத்திய நிதிநிலை அறிக்கை தாக்கலாகும் பிப்ரவரியில்தான், மகாராஷ்டிர மாநிலம் புணேயில் பலருக்கும் கைக்கு வரும் சம்பளம் குறைகிறது. சேமிப்புச் சான்றுகளைச் சரிபார்த்த பிறகு, ஆண்டு முழுவதும் குறைவாகப் பிடித்த வருமான வரியை நிறுவனங்கள் பிப்ரவரி, மார்ச் சம்பளங்களில் ஈடுகட்டுகின்றன. மாநில அரசின் தொழில்வரியும் மற்ற மாதங்களில் 200 ரூபாய் என்றால், பிப்ரவரியில் 300 ரூபாய்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட், சாக்கண் மோட்டார் ஆலைகளிலும் ஹிஞ்ஜவாடி மென்பொருள் வளாகத்திலும் உழைப்போருக்கு ஊதியத்தை நிர்ணயிப்பது நிறுவனம். தொழிற்சங்கம் வலுவாக உள்ள இடங்களில் அது பேச்சுவார்த்தையில் முடிவாகிறது. ஆனால், அதில் எவ்வளவு வீடு போய்ச் சேரும் என்பதை ஆண்டுதோறும் தில்லி தீர்மானிக்கிறது.

சம்பளதாரர்களுக்கான நிலையான கழிவு 2005 நிதிநிலை அறிக்கையில் நீக்கப்பட்டது. 2018-இல் 40,000 ரூபாயாக அது திரும்பி வந்தபோது, 19,200 ரூபாய் போக்குவரத்துப் படிக்கும் 15,000 ரூபாய் மருத்துவச் செலவுக்கும் இருந்த விலக்குகள் பறிக்கப்பட்டன. நிகர லாபம் 5,800 ரூபாய் கழிவு மட்டுமே. 20 சதவீத வரி அடுக்கில் இருந்தவருக்கு இதனால் ஆண்டுக்கு மிஞ்சியது ஏறத்தாழ 1,200 ரூபாய். அதே அறிக்கை செஸ் வரியை 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக்கி அதிலும் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

2025 நிதிநிலை அறிக்கை அளித்தது மெய்யான நிவாரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய வரிமுறையில் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் ரூபாய் பெறுபவர் அதற்கு முந்தைய ஆண்டு செலுத்த வேண்டியிருந்த 83,200 ரூபாய் வரி முற்றிலும் நீங்கியது. மாதம் சுமார் 6,900 ரூபாய் என்பது ஒரு குடும்பத்துக்குச் சிறு தொகையன்று.

ஆனால், இத்தகைய நிவாரணம் நிதியமைச்சரின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. பழைய வரிமுறையில் 2014-இல் நிர்ணயித்த 2.5 லட்சம் ரூபாய் வரிவிலக்கு வரம்பும், 1.5 லட்சம் ரூபாய் சேமிப்புக் கழிவு வரம்பும் பத்தாண்டுகளுக்கு மேலாக அசையவில்லை. இடைப்பட்ட காலத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் அசையாமல் நிற்கவில்லை. விலைவாசியை ஈடுகட்டக் கிடைக்கும் ஊதிய உயர்வைக்கூட வளர்ந்துவிட்ட வருமானமாகக் கருதி வரி விதிப்பது எவ்வகையில் நியாயம்? அமெரிக்காவில் 1985 முதல் வருமான வரி அடுக்குகள் விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் தாமாகவே திருத்தப்படுகின்றன. அகவிலைப்படியைக் கணக்கிட விலைவாசிக் குறியீட்டை நம்பும் அரசு, வரி அடுக்குகளுக்கு மட்டும் அதை ஏற்கத் தயங்குவது ஏன்?

புணேக்குத் தனிக் குறையும் உண்டு. 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகள் மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய 4 நகரங்களில் மட்டுமே வீட்டு வாடகைப்படி விலக்கைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை அனுமதித்தன. புணே பெருநகராக வளர்ந்த பிறகும் அந்த விதிகளில் அதற்குக் கிடைத்தது 40 சதவீதமே. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போருக்கோ இந்த விலக்கே கிடையாது.

இந்த விவாதங்களில் இடம்பெறாத இன்னொருவரும் இருக்கிறார். மாதம் 15,000 ரூபாய் பெறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வருமான வரிச் சலுகையால் ஒரு காசும் கிடைப்பதில்லை. வருங்கால வைப்பு நிதிக்கும், தொழிலாளர் ஈட்டுறுதிக்கும் போக, அவரும் ஆண்டுக்கு 2,500 ரூபாய் தொழில்வரி கட்டுகிறார். அவரைப்போலப் பல மடங்கு சம்பளம் வாங்கும் மேலாளர் கட்டுவதும் அதே 2,500 ரூபாய்தான். 2023-இல் மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் பெண்களுக்கு மகாராஷ்டிர அரசு அளித்த விலக்கை, அதே ஊதியம் பெறும் ஆண்களுக்கும் நீட்டிப்பதில் தடையென்ன?

வரி செலுத்துவது கடமை. சம்பளதாரர் அதை ஏய்க்கவும் முடியாது. பணம் கைக்கு வருமுன்பே வரி போய்விடுகிறது. அப்படிப்பட்டவருக்கு ஆண்டுக்கொரு பரிசும் ஆண்டுக்கொரு அதிர்ச்சியும் தேவையில்லை. விலைவாசியோடு தானாக உயரும் வரிவரம்பைச் சட்டத்திலேயே எழுதிவைப்பதுதான் அரசு செய்யவேண்டிய சீர்திருத்தம்.